தாலி கட்டினாலும் மாலை மாற்றினாலும், பதிவு எங்கே?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கடவுள் இருக்கிறார் என்று அடித்துச் சொல்வார்கள். மீதியில் சிலர் இல்லவே இல்லை என்று மேசையைத் தட்டுவார்கள். இரண்டு கட்சியும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அப்படி ஒற்றுமை: திருமணத்தைப் பதிவு செய்திருக்க மாட்டார்கள்.

இப்போது இதை எழுத வைத்தது ஒரு விதவை. (ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன், எங்கள் தொழிலில் அது கடமை.) கணவர் தோட்டத்தில் வளர்ந்து, பிறகு ஃபேக்டரி வேலைக்குப் போனவர், பகுத்தறிவுக்காரர். சீர்திருத்தத் திருமணம்: ஐயர் இல்லை, ஓமம் இல்லை, திருக்குறள் வாசித்து, மாலை மாற்றி, மண்டபத்தில் நாலு பேர் பேசி முடித்த கல்யாணம். அவர் இறந்ததும் பெர்கேசோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பிழைத்திருப்போர் பென்ஷனுக்கு மனுப்போடப் போனவரிடம் திருமணச் சான்றிதழ் கேட்டார்கள். அந்த அக்கா கல்யாண ஆல்பத்தை நீட்டியிருக்கிறார். “அரசாங்கத்தோட ஆசீர்வாதம் நமக்கு எதுக்குன்னு சொல்வாரு லாயரம்மா” என்றார் என்னிடம். அதற்குக் கொஞ்சம் முன்னால் வந்த இன்னொருவர் நேர் எதிர். முருகன் சன்னிதியில் தாலி கட்டியவர், “சாமிக்கு முன்னாடி கட்டின தாலிக்கு மேல என்ன சாட்சி வேணும்?” என்றார். இரண்டு கேள்விக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில்தான்: பதிவு வேண்டும்.

“எங்க தாத்தா பாட்டி எங்கே பதிஞ்சாங்க லாயரம்மா, நல்லாத்தானே வாழ்ந்தாங்க?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது, அதனால் ஒரு தடவை நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கும் மணமுறிவுக்கும் இங்கே இருப்பது 1976ஆம் ஆண்டுச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1. அந்தத் தேதிக்கு முன்னால் மத முறைப்படியோ சமூக வழக்கப்படியோ செல்லுபடியாக நடந்த திருமணங்களைப் பதிவானதாகவே கருத வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. உங்கள் தாத்தா பாட்டி தப்பித்தது அப்படித்தான். பதிவு தேவையில்லை என்பதால் அல்ல, அவர்கள் கல்யாணம் 1982க்கு முன்னால் நடந்ததால். அந்தத் தேதிக்குப் பிறகு எந்த மதம், எந்த வழக்கம் ஆனாலும் சட்டம் சொல்லும் முறையில் அல்லாமல் திருமணம் நடத்தக் கூடாது என்று 5ஆவது பிரிவில் இருக்கிறது. 1990இல் கல்யாணம் செய்தவர் 1960இல் கல்யாணம் செய்த தாத்தாவை உதாரணம் காட்டினால் நான் என்ன செய்ய? தேதியைப் பாருங்கள். தாத்தாவைப் பார்க்காதீர்கள்.

பகுத்தறிவு நண்பர்களிடம் இதற்கு இன்னொரு பதிப்பு உண்டு. “அண்ணா சட்டமே போட்டுட்டாரே, சீர்திருத்தத் திருமணம் செல்லும்!” போட்டார், உண்மைதான். 1967இல் அண்ணாதுரை ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும், புரோகிதர் வேண்டாம். அருமையான சட்டம். ஆனால் அது தமிழ்நாட்டுக்கு. பேராக்கில் எப்படிச் செல்லும்? பெரியார் 1929 கடைசியில் பினாங்கில் வந்து இறங்கி மலாயாவில் சுயமரியாதை பேசினார் என்பது நமக்கெல்லாம் பெருமை, அந்தப் பேச்சால் எத்தனையோ தோட்டத்து மக்கள் நிமிர்ந்தார்கள், அதற்காகத் தமிழ்நாட்டுச் சட்டமும் அதே கப்பலில் வந்துவிடவில்லை.

இதே கோளாறுதான் வாட்சப் குழுக்களில் நடக்கும் பெரிய சண்டையிலும். மதமும் அரசும் தனித்தனி என்று ஒரு தம்பி அமெரிக்காவைக் காட்டுவான்: அந்த நாட்டு அரசியல் சட்டத்துக்கு 1791இல் வந்த முதலாவது திருத்தம், 1802இல் ஜெஃபர்சன் எழுதிய கடிதத்தில் வரும் தடுப்புச் சுவர். இன்னொருவன் பிரான்சின் 1905 சட்டம் என்பான். வேறொரு அண்ணன், இந்திய அரசியல் சட்டத்தில் 1976இல் மதச்சார்பின்மை சேர்ந்ததைச் சொல்வார். படிக்கிற பிள்ளைகள், சந்தோஷம். நம் கூட்டரசு அரசியல் சட்டத்தை எவனாவது திறந்து பார்த்தானா என்றால் இல்லை.

3(1) பிரிவு இஸ்லாம் கூட்டரசின் சமயம் என்கிறது, மற்ற சமயங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் பின்பற்றலாம் என்கிறது. மதச்சார்பற்ற நாடு என்ற சொல் அதில் எங்கேயும் கிடையாது. 1988இல் சே ஓமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 3ஆவது பிரிவில் உள்ள இஸ்லாம் சடங்கு, சம்பிரதாயம் சார்ந்தது, நாட்டின் பொதுச் சட்டம் மதச்சார்பற்றது என்று சொன்னது. 2001இல் அன்றைய பிரதமர் மகாதீர் இது இஸ்லாமிய நாடு என்று அறிவித்தார். நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நின்று வாதாடுங்கள், பட்டிமன்றத்துக்கு நல்ல தலைப்பு. என் மேசைக்கு வரும்போது கேள்வி ஒன்றுதான்: காகிதத்தில் நீங்கள் முஸ்லிமா, இல்லையா? திருமணம், மணமுறிவு, பிள்ளை, சொத்து என்று எல்லாமே அந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. உங்கள் மனத்துக்குள் கடவுள் இருக்கிறாரா என்று எந்த நீதிபதியும் எட்டிப் பார்ப்பதில்லை.

முஸ்லிம் அல்லாதவர் கடவுள் இல்லை என்று நினைப்பது குற்றமா என்று சிலர் பயந்துகொண்டு கேட்கிறார்கள். 1970இல் பிரகடனம் செய்த ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடுகளில் முதலாவது இறைவன் மீது நம்பிக்கை வைத்தல், பள்ளியில் எல்லோரும் சொன்னதுதான். ஆனால் அது தண்டனைச் சட்டம் இல்லை. சாட்சிக் கூண்டிலும் கடவுள் பெயரால் சத்தியம் செய்ய மனமில்லாதவர் உறுதிமொழி சொல்லிவிட்டுச் சாட்சி கொடுக்கலாம்.

கடவுளை நம்பாதவர்கள் விழும் குழி வேறு. ஒரு தம்பி வந்தான், இருபத்தைந்து வயது இருக்கும். காதலித்த பெண் முஸ்லிம். இங்கே மதம் மாறாமல் அந்தக் கல்யாணம் நடக்காது. “நான் எதையும் நம்பாதவன் லாயரம்மா, எந்த மதம்னு எழுதியிருந்தா எனக்கென்ன, சும்மா ஒரு கையெழுத்துத்தானே” என்று போட்டிருக்கிறான். காதல் முறிந்தது, கல்யாணமும் நடக்கவில்லை, இப்போது பழைய பெயரில் பழைய ஐசி (அடையாள அட்டை) வேண்டும். நம்பிக்கை உள்ளவன் மதம் மாறுவதற்கு முன் பத்து தடவை யோசிக்கிறான், தூக்கம் கெடுகிறது, அம்மாவிடம் அழுகிறான். நம்பாதவனுக்கு அது ஏதோ ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்கிற மாதிரி. அந்த அலட்சியம்தான் எனக்குப் பயம்.

இஸ்லாத்திலிருந்து வெளியேற நினைத்த லீனா ஜாயின் வழக்கை அவனுக்குச் சொன்னேன். 2007 மே 30, கூட்டரசு நீதிமன்றம், மூன்று நீதிபதிகளில் இருவர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். அடையாள அட்டையிலிருந்து இஸ்லாம் என்பதை நீக்க வேண்டுமானால் ஷரியா (இஸ்லாமியச் சமய) நீதிமன்றத்தின் உத்தரவோடு வா என்று தேசியப் பதிவிலாகா கேட்டது சரி என்று தீர்ப்பு. அரசியல் சட்டத்தின் 11ஆவது பிரிவு மதச் சுதந்திரம் தருகிறதே என்று தம்பி சட்டம் பேசினான். தருகிறது. 1988இல் சேர்ந்த 121(1ஏ) பிரிவு, ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்தில் உள்ள விஷயத்தில் சிவில் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றும் சொல்கிறது. இதில் இஸ்லாத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை, மனதார மாறி நிம்மதியாக வாழ்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். நான் திட்டுவது மனமில்லாமல் கையெழுத்துப் போடுகிறவனை. ஒன்று மட்டும் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்: மாறிவிட்டு வெளியே வர நினைப்பது ஒரு வழக்கு, ஆரம்பத்திலிருந்தே முஸ்லிமாக இருந்ததில்லை என்பது வேறு வழக்கு. இரண்டாவது வகையில்தான் 2021இல் ரோஸ்லிசா என்ற பெண் கூட்டரசு நீதிமன்றத்தில் ஜெயித்தார். அந்தத் தீர்ப்பை வாட்சப்பில் பார்த்துவிட்டு எனக்கும் அதேதான் என்று ஓடி வராதீர்கள்.

இந்தக் கையெழுத்து மற்றவர்களையும் இழுக்கும். நம் ஈப்போவில் மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்த இந்திரா காந்தியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2009இல் கணவர் மதம் மாறி, தாய்க்குத் தெரியாமலேயே மூன்று பிள்ளைகளையும் மாற்றிப் பத்திரம் வாங்கினார். பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்ல 2018 ஜனவரி 29 வரை ஆனது. பதினோரு மாதக் குழந்தையாகக் கொண்டுபோன கடைசி மகள் தீர்ப்புக்குப் பிறகும் தாய் கைக்கு வரவில்லை. 2005 டிசம்பரில் இறந்த மூர்த்தி, 1997 எவரெஸ்ட் குழுவில் இருந்த ராணுவ வீரர். அவர் மதம் மாறியிருந்தார் என்று சமய இலாகா சொன்னது, மனைவி காளியம்மாள் தெரியவே தெரியாது என்றார், உயர் நீதிமன்றம் இதில் தலையிட எனக்கு அதிகாரமில்லை என்றது. அவர் இஸ்லாமிய முறையில் அடக்கம் செய்யப்பட்டார். மாற நினைப்பவர்களே, மாறுங்கள், அது உங்கள் உரிமை. வீட்டில் சொல்லிவிட்டு மாறுங்கள். முஸ்லிமாக இறந்தவரின் சொத்தில் முஸ்லிம் அல்லாத மனைவி மக்களுக்குச் சாதாரணமாகப் பங்கு கிடையாது. சிவில் திருமணம் இருக்கும்போதே ஒருவர் மாறி, மணமுறிவுக்கு முன் இறந்தால் என்ன செய்வது என்பதற்கு அந்த 1976 சட்டத்துக்கு 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஒரு வழி வைத்திருக்கிறது, அதற்கும் பதிவான திருமணம்தான் அடிப்படை. சுற்றி வளைத்து மறுபடி அங்கேயேதான் வருகிறேன், பாருங்கள்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டுக்காரர், திருமணம் பதிவாகவில்லை என்றால் குடியுரிமைக்குச் சட்டம் தாயைத்தான் பார்க்கும். பிள்ளை பிறந்த பிறகு பதிவு செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்த குடும்பம் ஒன்று கூட்டரசு நீதிமன்றம் வரை போய் 2021இல் நாலுக்கு மூன்று என்று தோற்றது. தோட்டப்புறங்களில் ஐசி இல்லாத பிள்ளைகள் ஏன் இத்தனை பேர் என்று மேடையில் கேட்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

சரி, என்ன செய்ய வேண்டும்? இருவரும் ஐசியோடு தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள். 21 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள், பிறகு பதிவாளர் முன் சாட்சிகளோடு கையெழுத்து. அங்கே பூசையும் கிடையாது, பகுத்தறிவுப் பேச்சும் கிடையாது, அது வெறும் அலுவலகம். அதன் பிறகு கோயிலில் கட்டுங்கள், மண்டபத்தில் மாலை மாற்றுங்கள், இரண்டும் வேண்டாம் என்றால் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். சில கோயில்களில் துணைப் பதிவாளர் இருப்பார், அங்கேயே முடித்துவிடலாம். இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள், பத்திரிகை அடித்த பிறகு இல்லை.

செத்த பிறகு எனக்குச் சடங்கு வேண்டாம் என்று சொல்லும் பெரியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் சொன்னது உங்கள் பிள்ளைகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. உயிலில் எழுதுங்கள், நீங்கள் நம்பும் ஆளை நிறைவேற்றுநராகப் போடுங்கள், இருக்கும்போதே நாலு பேர் முன்னால் சொல்லிவையுங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு பொதுவாக ரத்தாகிவிடும், அதையும் பாருங்கள். கோயில் தலைவர்மாருக்கும் ஒன்று: கோயில் வரி கட்டாதவன் வீட்டுச் சாவுக்கு யாரும் போகக்கூடாது என்று கட்டளை போட உங்கள் சங்கத்துக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் கொடுக்கவில்லை. முகநூலில் சாமி படத்தைக் கேலி செய்து போடும் தம்பிகளே, தண்டனைச் சட்டம் 298ஆவது பிரிவும், 1998ஆம் ஆண்டுத் தொடர்புச் சட்டம் 233ஆவது பிரிவும் இருக்கின்றன. எந்த மதமாக இருந்தாலும் போலீஸ் புகார் வரலாம், போலீஸ் ஸ்டேஷனில் உங்களோடு உட்கார ராத்திரி எழுந்து வருவது நான்தான்.

பதிவில்லாமல் இருபது முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள், வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருந்துவிடாதீர்கள். இன்றைக்குப் பதிவு செய்தால் இன்றைய தேதியில்தான் திருமணம், பின்தேதி கிடையாது, ஆனாலும் இனி வரும் பென்ஷனுக்கும் சொத்துக்கும் அது போதும். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளைகளும் முறைப்படியான பிள்ளைகள் ஆவார்கள். இருவரும் உயிரோடு இருக்கும்போதுதான் முடியும், தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். அப்படியே கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி) கவுண்டருக்கும் ஒரு நடை போய், வாரிசுப் பெயர் இன்னும் இறந்துபோன அம்மா பெயரிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.