"ராணி எங்கே சார்?"

போன கோடையில் கத்தரி போட்டிருக்கும் விவசாயி ஒருவர் கூப்பிட்டார். மோட்டார் ரூம் மண் சுவர் முழுக்கத் தேனீயாம். "ராணியை மட்டும் பிடிச்சிட்டா மத்ததெல்லாம் ஓடிடுமாமே, வந்து எடுத்துக் குடுங்க சார்." மண்ணெண்ணெயும் தயாராக வைத்திருந்தார்.

போய்ப் பார்த்தேன். சுவரில் பென்சில் நுழையும் அளவுக்கு முப்பது, நாற்பது துளைகள். வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஈக்கள் வந்து வந்து நுழைந்துகொண்டிருந்தன. நீலப்பட்டைத் தேனீ. இதில் ராணி கிடையாது. சரியாகச் சொன்னால், துளைக்கு ஒரு ராணி. அவளே மண்ணைத் தோண்டி, அறை கட்டி, மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, வாயை அடைத்துவிட்டுப் போவாள். மண் தோதாக இருப்பதால் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அவர் நம்பவில்லை. சாயங்காலம் வேலியோரம் அழைத்துப்போய்க் காட்டினார். காய்ந்த தண்டு ஒன்றைப் பல்லால் கடித்தபடி ஏழெட்டு ஈக்கள் வரிசையாகத் தொங்கின. "இது குடும்பம் இல்லாம என்னங்க?" அவை ஆண்கள். வீடு இல்லாததால் சேர்ந்து தூங்குகின்றன.

உலகத்தில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இப்படித் தனிக்குடித்தனம்தான். ராணி, வேலைக்காரி, அடை, தேன் என்பதெல்லாம் சிறுபான்மை வழக்கம்.

அப்படியானால் சில இனங்களில் மட்டும் மகள் தன் பிள்ளையை விட்டுவிட்டு அம்மாவின் பிள்ளைகளை ஏன் வளர்க்கிறாள்? கல்லூரியில் நாங்கள் படித்த பதில் ஒரு கணக்கு. தேனீயில் கருவுறாத முட்டை ஆணாகும். ஆணுக்கு அப்பா கிடையாது, தாத்தா மட்டும் உண்டு. அவனிடம் இருப்பது ஒரே தொகுதி மரபணு என்பதால் அதை எல்லா மகள்களுக்கும் அப்படியே கொடுக்கிறான். ஆக, ஒரே அப்பாவுக்குப் பிறந்த சகோதரிகளுக்குள் முக்கால் பங்கு உறவு, அதாவது முக்கால் பங்கு மரபணு பொது. சொந்த மகளோடு அரைப் பங்குதான். அதனால் தன் மரபணுவைப் பரப்ப, மகளைவிடத் தங்கையை வளர்ப்பதே லாபம். 1964இல் ஹாமில்டன் என்ற பரிணாம உயிரியலாளர் இதை எழுதினார். நானும் பல வருடம் இதையே முழு விடை மாதிரி சொல்லித் திரிந்தேன். ஆனால் நீலப்பட்டைத் தேனீக்கும் இதே கணக்குதான், அது தனியாகத்தானே வாழ்கிறது? போதாததற்குத் தம்பியோடு கால் பங்கு உறவுதான். பெட்டியில் வைத்து வளர்க்கும் பெட்டித் தேனீயின் ராணி பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு சேர்வதால் அங்கே அந்த முக்காலும் நிற்காது.

எனக்குப் பிடித்த விடை வியர்வைத் தேனீக்கள் என்கிற சிறு தேனீ வகையிடம் இருக்கிறது. லாசியோகுளோசம் அல்பிபெஸ் என்ற ஒரே இனம் பிரான்சின் மேற்கில் கூட்டமாகவும் கிழக்கில் தனியாகவும் வாழ்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஒரே சூழலில் வளர்த்தாலும் அதனதன் வழக்கம் மாறவில்லை. அப்போது இது ரத்தத்திலேயே இருக்கிறது. 2018இல் இரு தரப்பின் மரபணுக்களையும் ஒப்பிட்டபோது, நரம்பு செல்கள் சேதி கடத்த உதவும் சின்டாக்சின் 1ஏ மரபணுவில் வித்தியாசம் தெரிந்தது. ஹாலிக்டஸ் ரூபிகண்டஸ் என்ற இன்னொரு வியர்வைத் தேனீ இதற்கு நேரெதிர். பிரிட்டனின் குளிர்ந்த வடக்கில் தனியாக வாழ்ந்தவற்றைத் தெற்கே கொண்டுபோய் விட்டார்கள். கோடை நீண்டதும், மகள்களில் சிலர் கூட்டிலேயே தங்கி வேலைக்காரிகளானார்கள். 2010இல் வெளிவந்த ஆய்வு இது. ஒன்றில் பிறப்பு, இன்னொன்றில் பருவம்.

2015இல் பத்து தேனீ இனங்களின் மரபணுத் தொகுதிகளை அலசியபோதும் கூட்டு வாழ்வுக்கென்று ஒரு தனி மரபணு சிக்கவில்லை. மாறியிருந்தது பெரும்பாலும், எந்த மரபணு எப்போது, எவ்வளவு வேலை செய்யவேண்டும் என்கிற கட்டுப்பாடு. அதே அரிசி, அதே உளுந்து. அளவும் பக்குவமும் மாறினால் இட்லி தோசையாவது போல.

அப்புறம் நம் மோட்டார் ரூம். காலையில் கத்தரிப் பூ முன்னால் அவரை நிற்கவைத்தேன். நீலப்பட்டைத் தேனீ பூவைக் கட்டிப்பிடித்து 'ட்ர்ர்ர்' என்று உடம்பை அதிர வைக்கும். மகரந்தப் பையின் நுனித் துளையிலிருந்து பொடி கொட்டும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. காத்துக்கொள்ளத் தேனும் அடையும் இல்லாததால், இது கூட்டமாகத் துரத்திக் கொட்டுவதும் இல்லை.

மண்ணெண்ணெய் திரும்பப் போனது. மூன்று பக்கம் சிமென்ட் பூசியவர், கிழக்குச் சுவரை அப்படியே விட்டார். மருந்தடிப்பதைப் பொழுது சாய்ந்த பிறகு வைத்துக்கொண்டார். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார்: தண்டைக் கடித்துத் தூங்கும் ஆறு ஈக்கள். கீழே ஒரு வரி. "எல்லாம் ஆம்பளைங்க சார்."