ஐ7 ஸ்டிக்கரைப் பார்த்துக் காசைக் கொடுக்காதீர்கள்

இந்தக் கிழமையும் ஒரு லெப்டொப் திருத்த மேசைக்கு வந்துவிட்டது. மூடியில் ஒரு கீறல் இல்லை. கீபோர்டுக்குப் பக்கத்தில் ‘கோர் ஐ7’ ஸ்டிக்கர் பளபளவென்று மின்னுகிறது. கெம்பஸ் கிடைத்த பிள்ளைக்கு வீட்டார் வாங்கிக் கொடுத்த லெப்டொப். முறைப்பாடு வழமையானதுதான்: “ஐ7 தானே, பிறகேன் இப்படி இழுக்குது?” கழற்றிப் பார்க்கத் தேவையே இல்லை. சிஸ்டம் விபரத்தைத் திறந்தால் ‘கோர் ஐ7-4600யூ’ என்று கிடக்கிறது. 2013இல் வந்த சிப். பிள்ளை மூன்றாம் ஆண்டு படித்த காலத்துச் சாமான்.

ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் இன்டெல் கொம்பனிச் சிப்புகளின் அந்தந்த வருடத்து வரிசைக்குள் மட்டும் பெறுமதியுள்ள பெயர்கள். 2013இன் ஐ7, 2013இன் ஐ3ஐ விட நல்லது. அவ்வளவுதான். 2022இன் ஐ3க்குப் பக்கத்தில் அதற்கு ஒரு மரியாதையும் இல்லை. ஐ7-4600யூவில் இரண்டு கோர், அதாவது வேலை செய்யும் தனித்தனி மூளை இரண்டு. 2022இல் வந்த ஐ3-1215யூவில் ஆறு கோர். இந்த வரிசைகளைத் தலைமுறை என்று எண்ணுவார்கள்: ஏழாவது தலைமுறை வரைக்கும் ‘யூ’ என்று முடிகிற எந்த ஐ7ஐ எடுத்தாலும் இரண்டு கோர்தான். பெயரில் ஏழு இருப்பதால் உள்ளே ஏழு எதுவும் இல்லை. சாக்கில் சம்பா என்று எழுதியிருந்தாலும் எந்தப் போகத்து நெல் என்று கேட்டுத்தானே வாங்குகிறோம்? லெப்டொப் என்றவுடன் மட்டும் அந்தக் கேள்வி ஏன் வாயில் வருவதில்லை? ஸ்டிக்கரைப் பற்றி இன்னொன்று. அது தாள் கணக்கில் விலைக்குக் கிடைக்கிறது. யாரும் எதன்மேலும் ஒட்டலாம்.

பார்க்க வேண்டியது ஸ்டிக்கரை அல்ல, கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணை. நான்கு இலக்கமாக 2 முதல் 9 வரைக்குள் தொடங்கினால் முதல் இலக்கமே தலைமுறை: 4600யூ நான்காவது, 6300யூ ஆறாவது, 8250யூ எட்டாவது. 1இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கத்தையும் சேர்த்து வாசியுங்கள்: 10110யூ பத்தாவது, 1115ஜி4 பதினோராவது, 1215யூ பன்னிரண்டாவது. கடையில் நின்றுகொண்டே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அமத்தினால் டாஸ்க் மெனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் சிபியூவின், அதாவது இந்தச் சிப்பின், முழுப்பெயர் இருக்கும். மெமரியைத் தொட்டால் ரம் செருகும் ஸ்லொட் எத்தனை, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். அரை நிமிட வேலை. “தொடக்கூடாது” என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

எட்டாவது தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் வேகம் மட்டுமல்ல. விண்டோஸ் 11ஐ மைக்ரோசொஃப்ட் ஏற்றுக்கொள்ளும் இன்டெல் வரிசை, ஓரிரு விதிவிலக்குகளைத் தவிர, எட்டாவதில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. “விண்டோஸ் 11 போட்டுத் தந்திருக்கு” என்று சொல்லி விற்கும் நான்காவது தலைமுறையில் மைக்ரோசொஃப்டின் தகுதிப் பரிசோதனையைச் சுற்றிக் கடந்துதான் போட்டிருப்பார்கள். இன்று ஓடும். அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசொஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை.

இதைவிட அன்றாடம் உறுத்தும் விடயம் வீடியோ. யூடியூப் பெரும்பாலும் விபி9 என்ற வடிவில் படம் அனுப்புகிறது. அதைத் தனியாக விரித்துக் காட்டும் பகுதி இன்டெல் சிப்பில் முழுமையாக வந்தது ஏழாவது தலைமுறையில்தான். பழையதில் அந்த வேலையின் பெரும்பகுதி இரண்டு கோரின் தலையில் விழும். ஃபேன் இரையும், அடிப்பக்கம் கொதிக்கும், பெட்டரி கரையும். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் ஒரு மணி நேரப் பாட வீடியோவைப் பார்த்து முடிக்குமுன் மடியில் வைத்திருக்க முடியாது. “பேஸ்ட் மாத்தித் தாங்க” என்று கொண்டு வருகிறார்கள்; சிப்பின்மேல் சூடு கடத்தப் பூசும் பசையைச் சொல்கிறார்கள். மாற்றலாம், கொஞ்சம் குறையும். ஆனால் இல்லாத பகுதியைப் பேஸ்டால் உண்டாக்க முடியாது.

இன்டெல்லுக்குப் பதிலாக ஏஎம்டி கொம்பனியின் சிப் உள்ளதை வாங்குபவர்களுக்கு வேறொரு பொறி. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ: விலைப்பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். முதல் எண்ணைப் பார்த்து இரண்டும் ஒன்றென்று நினைப்பார்கள். இந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே உள்ள வடிவமைப்பைச் சொல்கிறது. 7520இல் அது 2, அதாவது 2019இன் ‘சென் 2’ வடிவமைப்பு, நான்கு கோர். 7530இல் அது 3, ஆறு கோர். 7520யூவில் ரம் போர்டோடு ஒட்டியே வரும், பிறகு கூட்ட முடியாது. 8 ஜிபி என்று வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.

புதிதுதான் வேண்டும், காசு குறைவு என்பவர்கள் விழும் குழி, இன்டெல்லின் மலிவுச் சிப்பான செலரோன் என்4020 உள்ள லெப்டொப். இரண்டு கோர், 4 ஜிபி ரம், 64 ஜிபி ஈஎம்எம்சி சேமிப்பு. ரம், சேமிப்பு இரண்டும் போர்டில் ஒட்டியவை. பெட்டி புதிது, வொரண்டி இருக்கிறது, எடை ஒன்றேகால் கிலோ, எல்லாம் சரி. ஆறு மாதத்தில் விண்டோஸ் அப்டேட் இறங்க இடமில்லாமல் நிற்கும். பெரும்பாலும் அதைத் திருத்த எந்தத் தொழில்காரனாலும் முடியாது, மாற்றிப் போட உள்ளே ஒரு ஸ்லொட்டும் இல்லை. மெமரி கார்ட் ஒன்றைச் செருகிவிட்டு “மொத்தம் 192 ஜிபி” என்று விற்பதும் நடக்கிறது. தயவுசெய்து அந்தக் கணக்கைக் கூட்டாதீர்கள். இதே விலைக்கு எட்டாவது தலைமுறை ஐ5, 8 ஜிபி ரம், 256 ஜிபி எஸ்எஸ்டியுடன் (சுழலும் பகுதி இல்லாத சேமிப்பு) ஒரு பாவித்த லெப்டொப் கிடைத்தால் அதுவே மேல். ஹார்ட் டிஸ்க் உள்ளதை எடுத்தால் எஸ்எஸ்டிக்கும் சேர்த்துக் காசை ஒதுக்குங்கள். மோட்டார்சைக்கிள் டேங்கின்மேல் பையை வைத்துக்கொண்டு கிரவல் ரோட்டில் ஓடும் உத்தியோகத்தர்களுக்கு, உள்ளே தட்டுச் சுழலும் ஹார்ட் டிஸ்க் ஆகவே ஆகாது.

“2 ஜிபி கிராஃபிக்ஸ் கார்ட் இருக்கு” என்பதும் பழைய லெப்டொப்பில் சூட்டைக் கூட்டுவதற்கு மட்டும்தான். ஓட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் படிக்கப் போகிறவர்களின் கதை வேறு, இங்கே அதைத் தொடவில்லை.

பாவித்த லெப்டொப் வாங்கும்போது பெட்டரியை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். கமாண்ட் ப்ரொம்ப்டில் ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையின் பெட்டரி ரிப்போர்ட்டை (powercfg /batteryreport) எடுத்தால் இரண்டு எண் இருக்கும். ஒன்று கொம்பனியிலிருந்து வரும்போது இருந்த கொள்ளளவு, மற்றது இன்று முழுதாகச் சார்ஜ் பண்ணினால் பிடிப்பது. முதலாவது 42,000, இரண்டாவது 21,000 என்றால் பாதி போய்விட்டது, விலையில் பெட்டரிக் காசைக் குறைக்கச் சொல்லுங்கள். மட்டமான டூப்ளிகேட் பெட்டரி இந்த எண்ணிலேயே பொய் சொல்லும். அதற்கும் வழி இருக்கிறது: சார்ஜரைக் கழற்றி, வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, அரை மணி நேரம் வீடியோ ஓடவிடுங்கள். 20 வீதம் இறங்கினால் மொத்தம் இரண்டரை மணி நேரம். 40 வீதம் இறங்கினால் அது லெப்டொப் அல்ல, வயரில் கட்டிய கொம்பியூட்டர். அந்த அரை மணி நேரத்தில் போய்ப் பிளேன்டீ குடித்துவிட்டு வரலாம், ஆனால் யாராவது ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள்.

டச்பேட் ஒரு பக்கம் மேலே தள்ளியிருந்தால், அல்லது மேசையில் வைத்ததும் லெப்டொப் ஆடினால், உள்ளே பெட்டரி வீங்கியிருக்கலாம். அமத்திப் பார்க்காதீர்கள். சார்ஜ் போடாதீர்கள். “கொஞ்ச நாளைக்குப் பாவிச்சிட்டு மாத்துவம்” என்று சொல்லவே வேண்டாம்.

வெளிநாட்டு ஒஃபிஸ்களிலிருந்து கழித்துவிட்டதுதான் மூட்டையாக இங்கே வருகிறது. அதில் தப்பில்லை, நல்ல உடம்பு. ஆனால் பழைய கொம்பனியின் பூட்டு சிலவற்றில் அப்படியே இருக்கும். ஓன் பண்ணியவுடன் எஃப்2 அல்லது எஃப்10ஐத் தட்டி, விண்டோஸுக்கு முன் வரும் பயோஸ் என்ற அமைப்புக்குள் போங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் லெப்டொப்பை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். முடிந்தால் விண்டோஸை ரீசெட் பண்ணச் சொல்லி, ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்துப் பாருங்கள். தெரியாத கொம்பனி ஒன்றின் பெயரோடு லொகின் திரை வந்தால், அதை அந்தக் கொம்பனிதான் விடுவிக்க வேண்டும்.

தூக்கிக்கொண்டு திரிவதற்கு 14 அங்குலம் போதும். எடை ஒன்றரைக் கிலோ அளவில் இருக்கட்டும். கடைக்காரர் சொல்லும் எடையில் சார்ஜர் சேராது. பழைய 15.6 அங்குலத்தோடு அதன் செங்கட்டிச் சார்ஜரையும் பையில் போட்டு, மட்டக்களப்பிலிருந்து பேராதனைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு ஒருமுறை போனால் விளங்கும். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் லெப்டொப் என்றால் விட்டுவிடாதீர்கள். சார்ஜர் பழுதானால் திருக்கோவிலிலும் மாற்றுத் தேடலாம், 45 அல்லது 65 வொட் ‘பிடி’ (டைப்-சி வழியாக மின் கொடுக்கும் முறை) சார்ஜர் எந்தக் கொம்பனியினதும் பெரும்பாலும் பொருந்தும். ஸ்கிரீனைப் பின்னால் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு வெளிறி, முகங்களின் நிறம் தலைகீழாக மாறினால் அது டிஎன் எனும் மட்டமான வகைத் திரை. சாய்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகையைக் கேளுங்கள், திரைப் புள்ளிகள் 1920க்கு 1080 கேளுங்கள்.

மூடியைப் பிடிக்கும் பிணைச்சலைக் கட்டாயம் பாருங்கள். விலை குறைந்தவற்றில் பிளாஸ்டிக்குக்குள் பதித்த சிறிய பித்தளை நட்டுகள்தான் பிணைச்சலைப் பிடித்திருக்கின்றன. மூலையில் பிடித்துத் திறக்கத் திறக்க நட்டு பிளாஸ்டிக்கோடு பிடுங்கிக்கொண்டு வரும், பின்னால் ஸ்கிரீன் வயரும் அறும். நடுவில் பிடித்துத் திறவுங்கள். பையில் போடுமுன் ஸ்லீப்பில் விடாதீர்கள், ஷட்டவுன் பண்ணுங்கள். ஸ்லீப்பில் இருப்பது பைக்குள் தானாக விழித்துச் சூடேறி, இறங்கும்போது பெட்டரி காலியாக இருக்கும்.

கல்லடி, காத்தான்குடி, கல்முனை, ஒலுவில் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடல் காற்று வரும் ஜன்னலடியில் லெப்டொப்பை வைக்காதீர்கள். யூஎஸ்பி வாயில் பச்சை பிடித்து வருபவையெல்லாம் அந்த ஜன்னலடியிலிருந்து வருபவைதான். இடி முழங்கத் தொடங்கினால் சார்ஜரை மட்டுமல்ல, ரவுட்டர் வயரையும் கழற்றுங்கள். உலோக உடம்பைத் தொட்டால் விறுவிறுக்கிறதா? முதலில் பிளக்பொயின்டின் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடப்டரில் செருகினால் எர்த் அங்கேயே அறுந்துவிடும்.

காசைக் கொடுக்குமுன் அடிப்பக்கத்துச் சீரியல் இலக்கம், பயோஸில் உள்ளது, பில்லில் எழுதுவது மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். பில்லில் ‘ஐ7 லெப்டொப்’ என்று எழுத விடாதீர்கள். சிபியூவின் முழு இலக்கத்தையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.