இசைக்குழுவுக்கு ஒரு வினை, பாருக்கு ஒரு வினை

ஸ்பானிஷில் 'நடத்துகிறார்' என்று சொல்லப் போனால் அகராதி ஏழெட்டு வினைச்சொற்களை அள்ளிப் போடும். எதை எடுப்பது? ஆளைப் பார்க்காதீர்கள், அவர் எதை நடத்துகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் வினையைத் தீர்மானிப்பது அதுதான்.

இசைக்குழு, சினிமா, நிறுவனம் என்றால் 'திரிஹிர்'. நேராக்குவது, திசை காட்டுவது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் 'இயக்குநர்' ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறார். ஊர்வலத்தின் முன்னால் போகிறவருக்கும் பட்டியலில் முதலில் நிற்கும் பெயருக்கும் 'எங்கபெசார்'. அதற்குள் இருப்பது 'கபெசா', அதாவது தலை. தலைமை என்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

'லிதெரார்' ஆங்கில 'லீடர்' வழியாக வந்த சொல். புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் உள்ள கால்பந்து அணிக்கும் இதைச் சொல்வார்கள். அங்கே யாரும் யாரையும் வழிநடத்தவில்லை! தலைவருக்குப் பழைய ஸ்பானிஷ் சொல் 'கௌதியோ' இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள். ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி ஃபிராங்கோ தன் நாணயங்களிலேயே பொறித்துக்கொண்ட பட்டம் அது. ஸ்பெயினில் அந்த நிழல் இன்னும் விலகவில்லை.

நாம் அதிகம் சறுக்குவது 'மனெஹார்' என்ற சொல்லில். ஆங்கில 'மேனேஜ்' போலவே ஒலிக்கிறது. உறவும் உண்மைதான்: இரண்டுமே குதிரையைக் கையாளுவதைக் குறித்த ஓர் இத்தாலியச் சொல்லின் வழிவந்தவை, வேரில் இருப்பது 'கை'. ஆனால் மெக்சிகோவில் 'மனெஹார்' என்றால் முதலில் கார் ஓட்டுவதுதான் நினைவுக்கு வரும். ஒரு மனிதரை 'மனெஹார்' செய்தால், அவரை ஆட்டிவைக்கிறீர்கள் என்று அர்த்தம். 'எப்படியோ முடித்துவிட்டேன்' என்ற பொருளில் வரும் ஆங்கில 'மேனேஜ்' இங்கே செல்லவே செல்லாது. அதற்கு 'லொக்ரார்' வேண்டும்.

விசா, திட்டம், வளங்கள் போன்றவற்றுக்கு 'ஹெஸ்தியோனார்'. ஸ்பெயினில் கட்டணம் வாங்கிக்கொண்டு அரசாங்கக் காகித வேலைகளை முடித்துத் தரும் அலுவலகத்துக்குப் பெயரே 'ஹெஸ்தொரியா'. சொத்து, பணம் என்றால் 'அத்மினிஸ்த்ரார்'. மருந்து கொடுப்பதற்கும் அதே சொல்தான்.

சரி, தெருமுனையில் சின்னதாக பார் வைத்திருப்பவர்? 'யெவார்'. சுமந்து செல்வது, கொண்டுபோவது என்று பொருள். நம் 'நடத்து'கூட 'நட' என்பதிலிருந்து வந்ததுதானே. அவரைப் பற்றி 'திரிஹிர்' என்று சொன்னால் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நாலு மேசை பாருக்கு நிர்வாக இயக்குநரா என்று பக்கத்து மேசைக்காரர் சிரிப்பார்.