நூல்கண்டு, கேரம் பவுடர், பொக்கே: பூனை வளரும் வீட்டில் நண்பர்கள் கூடும்போது

ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேர் ஒரு வீட்டில் கூடுகிறார்கள். ஹாலில் கேரம் ஓடுகிறது. ஓரமாக இருவர் ஆரி வேலையோ குரோஷாவோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பரோட்டா பார்சல் பிரிபடுகிறது. எல்லோருக்கும் நடுவில், சில மாதங்களுக்கு முன் தெருவிலிருந்து தத்தெடுத்த பூனை உலாவுகிறது. திங்கள் இரவு அது வாந்தி எடுக்கிறது. "முடி உருண்டையாக இருக்கும், தானாகச் சரியாகிவிடும்" என்று இரண்டு நாள் விட்டுவிடுகிறார்கள். புதன்கிழமை எங்கள் கால்நடை கிளினிக்குக்கு வரும்போது பூனை தலை தூக்கவும் தெம்பில்லாமல் கிடக்கிறது. வயிற்றுக்குள் இருப்பது அது நக்கி விழுங்கிய முடியல்ல, நூல்.

பூனைக்கும் நூலுக்கும் உள்ள சிக்கல் நாக்கில் தொடங்குகிறது. பூனையின் நாக்கு முழுக்க உள்பக்கம் வளைந்த சிறு முட்கள். ரோமத்தைச் சீவவும் எலும்பிலிருந்து சதையைச் சுரண்டவும் அமைந்தவை. அவற்றில் சிக்கிய நூலைப் பூனையால் வெளியே துப்ப முடியாது. ஒவ்வொரு முறை நாக்கை அசைக்கும்போதும் நூல் இன்னும் உள்ளேதான் போகும். முனையில் ஊசி கோர்த்திருந்தால் அதுவும் பின்னாலேயே போகும். பூனை ஊசியை விரும்பி விழுங்குவதில்லை, நூலோடு சேர்ந்து வந்துவிடுகிறது.

உள்ளே போன நூல் முழுதாகக் குடலுக்குள் இறங்கிவிட்டால் சில நேரம் மலத்தோடு வந்துவிடும். ஒரு முனை எங்காவது மாட்டிக்கொண்டால்தான் ஆபத்து. பூனைகளில் அது பெரும்பாலும் நாக்கின் அடியில் சுற்றிக்கொள்ளும். இல்லாவிட்டால் இரைப்பை குடலோடு சேரும் வாயில் முடிச்சாக நிற்கும். மறுமுனையைக் குடல் தன் வழக்கமான அசைவால் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். நூல் நகராததால் குடல்தான் நூலின் மேல் ஏறும். நாடாவை இழுத்த பாவாடை இடுப்பைப் போல மடிப்பு மடிப்பாகக் குடல் சுருங்கும். இறுக்கமாக நிற்கும் நூல் ஒவ்வொரு மடிப்பிலும் உள்சுவரை அறுக்கத் தொடங்கும். துளை விழுந்துவிட்டால் குடலில் உள்ளதெல்லாம் வயிற்றறைக்குள் கசியும். அதன் பிறகு அறுவை சிகிச்சை செய்தாலும் பிழைப்பது கடினம்.

தத்தெடுத்த தெருப்பூனைகளை இதில் தனியாகக் கவனிக்க வேண்டும். குப்பையில் கிடைத்ததைத் தின்று வளர்ந்த குட்டிக்கு வாசனைதான் வழிகாட்டி. சால்னா பொட்டலத்தைக் கட்டிய நூல், கறி வாங்கிய கவர், மீன் சுற்றி வந்த தாள் எல்லாமே அதற்குச் சாப்பாடுதான். தையல் நூலை எடுத்து வைக்கும் வீடுகளில்கூட பார்சல் நூல் குப்பைக்கூடையில் திறந்தே கிடக்கிறது. மூடி அழுந்தி மூடும் குப்பைக்கூடை வாங்குங்கள், அல்லது நூலை உடனே வெளியே போட்டுவிடுங்கள். மல்லிகைச் சரமும் இதே கணக்குதான். மல்லிகைப் பூ பூனைக்கு விஷமில்லை. அதைக் கட்டிய நூலோ வாழைநாரோதான் குடலில் மாட்டும். இரவு தலையிலிருந்து கழற்றிக் கட்டில் ஓரம் வைக்கிற சரத்தை மேசை டிராயருக்குள் வைத்தால் போதும்.

நூல் விழுங்கிய பூனை சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பும், வாந்தி எடுக்கும், மூலையில் குறுகி உட்காரும், தூக்கினால் வயிற்றை இறுக்கிக்கொண்டு முனகும். மலம் குறையும் அல்லது நின்றுவிடும். ஊசி தொண்டையில் குத்தியிருந்தால் எச்சில் வடியும், முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். முடி உருண்டையைக் கக்கிய பூனை கொஞ்ச நேரத்தில் வழக்கம்போலச் சாப்பிட வந்துவிடும். வாந்தியும் பட்டினியும் சேர்ந்து ஒரு நாள் நீடித்தால் அது முடி உருண்டை என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். இன்னொரு காரணமும் உண்டு: பூனை, அதிலும் கொழுத்த பூனை, இரண்டு மூன்று நாள் முழுப் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே தனி நோயாகிவிடும்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். ஒருவர் பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மேல்தாடையை ஒரு கையால் பிடித்துத் தலையைச் சற்று மேலே நிமிர்த்தி, மறுகை விரலால் கீழ்த்தாடையைத் திறக்க வேண்டும். அப்போதே கட்டைவிரலால் தாடைக்கு அடியில், இரு எலும்புகளுக்கும் நடுவே உள்ள மெத்தென்ற இடத்தை மேல்நோக்கி அழுத்தினால் நாக்கு எழும்பும். அடியில் மெல்லிய கோடாக நூலோ, நூல் அறுத்த சிவந்த வெட்டோ தெரியலாம். பூனை முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள். கடி வாங்கிக்கொண்டு பார்க்கும் அளவுக்கு அவசியமில்லை. ஒன்றும் தெரியவில்லை என்பதால் நூல் இல்லை என்றும் ஆகிவிடாது.

நூல் வெளியே தெரிந்தால் இழுக்கக் கூடாது. வாயில் தொங்கினாலும் ஆசனவாயில் தொங்கினாலும் இதுவே விதி. நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு அங்குலமும் உள்ளே குடலை அறுக்கும். வாயில் தொங்குவதை வெட்டவும் வேண்டாம், முனையைப் பிடித்துக்கொண்டுதான் மருத்துவர் ஊசியைத் தேடுவார். விளக்கெண்ணெய் கொடுத்தால் வழுக்கி வந்துவிடும், வாழைப்பழம் கொடுத்தால் நூலைச் சுற்றிக்கொண்டு வரும் என்றெல்லாம் சொல்வார்கள். மாட்டிய நூலை எதுவும் வழுக்கிக் கொண்டுவராது. குடலை இன்னும் வேகமாக அசைத்துவிட்டால் அறுப்புதான் கூடும். வாந்தி வரவழைக்க உப்புத் தண்ணீரோ ஹைட்ரஜன் பெராக்சைடோ ஊற்றுவது இதைவிட மோசம். முன்னது ரத்தத்தில் சோடியத்தை ஏற்றும், பின்னது இரைப்பையைப் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கும்.

விழுங்கியதைக் கண்ணால் பார்த்திருந்தால் சாப்பாட்டை நிறுத்திவிட்டு உடனே கிளம்புங்கள். முதல் ஓரிரு மணி நேரத்தில் நூல் இரைப்பையிலேயே இருக்க வாய்ப்புண்டு. வசதியுள்ள இடத்தில் எண்டோஸ்கோப் மூலம் வயிற்றைக் கிழிக்காமலே எடுத்துவிடலாம். அதே நூலில் ஒரு துண்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது வாந்தி, எப்போது மலம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊசி எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும், நூல் தெரியாது. குடல் ஒரே பக்கம் குவிந்திருப்பதையும், அதற்குள் காற்று கமா வடிவத்தில் சிறு சிறு குமிழ்களாகச் சிக்கியிருப்பதையும் வைத்தே நூல் என்று முடிவு செய்கிறோம். தேவைப்பட்டால் ஸ்கேனும் பார்ப்போம். உங்கள் ஊர் மருத்துவரிடம் இந்த வசதிகள் இல்லாவிட்டால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளுக்குப் போகலாம்.

தைக்கிறவர்களுக்கு நாங்கள் சொல்வது சின்ன ஒழுங்குதான். உட்காரும்போது ஊசிகளை எண்ணுங்கள், எழும்போதும் எண்ணுங்கள். ஊசியில் நூல் கோர்த்தபடி துணியில் குத்திவைத்துவிட்டு டீ குடிக்க எழாதீர்கள். நூல்கண்டுகளும் ஜரிகையும் மூடியுள்ள தகர பிஸ்கட் டப்பாவுக்குள் போகட்டும். பிளாஸ்டிக் கூடையைப் பூனை ஒரே தட்டில் கவிழ்த்துவிடும். வெட்டிய நூல் துணுக்குகளைப் போட, பக்கத்திலேயே ஒரு சின்ன டப்பா இருக்கட்டும்.

கேரம் காய்களையும் ஸ்ட்ரைக்கரையும் பூனை உருட்டி விளையாடும், விழுங்கும் அளவு சிறியவை அல்ல. கவலைப்பட வேண்டியது பவுடர். கேரமுக்கு விற்கும் பவுடர்களில் பல போரிக் ஆசிட். போர்டின் மேல் நடக்கும் பூனையின் பாதத்தில் ஒட்டும், பிறகு அது பாதத்தை நக்கிச் சுத்தம் செய்யும். கொஞ்சமாக உள்ளே போனால் எச்சில் வடிதல், வாந்தி, வயிற்றுப்போக்கு. நிறைய போனால் சிறுநீரகம் வரை பாதிக்கும். ஆட்டம் முடிந்ததும் போர்டை ஈரத்துணியால் துடைத்து, சுவரோடு சாய்த்து, கீழே கொட்டியதையும் துடையுங்கள். பாதத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

சீட்டுக்கட்டைச் சுற்றும் ரப்பர் பேண்டும், தோழிகள் கழற்றி வைக்கும் முடி ரப்பரும் பூனைகளுக்கு ஏனோ தனி ஈர்ப்பு. இவையும் பொதுவாக எக்ஸ்ரேயில் தெரியாது. பல்லாங்குழிக்குச் சோழியோ புளியங்கொட்டையோ வைத்துக்கொள்ளுங்கள். குன்றிமணி வேண்டாம். அதன் ஓடு உடையாமல் இருந்தால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மாலை கோர்க்கத் துளையிட்ட மணியும் கடித்து உடைத்த மணியும் கொடிய விஷம், பூனைக்கு மட்டுமல்ல, தவழும் குழந்தைக்கும்.

நண்பர்கள் கொண்டுவரும் பொக்கேயை வாசலிலேயே பாருங்கள். அதில் பெரிய இதழ்களும் நீண்டு நிற்கும் மகரந்தத் தாள்களும் கொண்ட லில்லி இருந்தால் பூனை இருக்கும் வீட்டுக்குள் அது வரவே கூடாது. இலை, இதழ், ரோமத்தில் உதிர்ந்து நக்கிய மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதலில் சில மணி நேரத்தில் வாந்தி வரும், பிறகு நின்றுவிடும். சரியாகிவிட்டதென்று வீட்டார் நிம்மதியாகும் நேரத்தில்தான் சிறுநீரகம் செயலிழக்கும், 1 முதல் 3 நாளுக்குள். கடித்தது தெரிந்ததும், 18 மணி நேரத்துக்குள், டிரிப்ஸ் ஏற்றத் தொடங்கினால் காப்பாற்ற முடியும். ரோஜா, ஜெர்பெரா என்றால் பயமில்லை.

புதிதாக வந்த பூனைக்கு முதல் 2 வாரம் கூட்டம் வேண்டாம். தனி அறை, தண்ணீர், சாப்பாடு, அவற்றிலிருந்து தள்ளி மணல் தட்டு, இரு பக்கமும் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று. பழகிய பிறகும் நண்பர்கள் வரும் நாளில் அந்த அறைக் கதவு பூனைக்குத் திறந்தே இருக்கட்டும், ஆட்களுக்கு மூடியிருக்கட்டும். வருகிறவர் பூனையைத் தேடிப் போய்த் தூக்க வேண்டாம். தரையில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்தாலே அது வந்து முகரும். தொலைந்துபோகும் பூனைகள் பல, செருப்பைக் கழற்றிக்கொண்டே யாரோ வாசல் கதவைத் திறந்து வைத்த நேரத்தில் போனவை.

விளையாட ஆசைப்படுகிறவரிடம் குச்சியில் கட்டிய இறகைக் கொடுங்கள், கையைக் கொடுக்காதீர்கள். இறகைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டாமல், எலி ஓடுவதுபோல் அதைவிட்டு விலகி, சோபா ஓரம் மறையும்படி இழுக்க வேண்டும். 10 நிமிடம் போதும். கடைசியில் பிடிக்க விட்டு, கொஞ்சம் சாப்பாடு வையுங்கள். பிறகு அந்தக் குச்சியும் பீரோவுக்குள்தான், அதிலும் கயிறு இருக்கிறது. வால் சாட்டையாக அடித்தாலோ, காது பின்னால் படிந்தாலோ, முதுகுத் தோல் சிலிர்த்தாலோ நிறுத்திவிடுங்கள். அப்படியும் கீறலோ கடியோ பட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். "நம்ம வீட்டுப் பூனைதானே" என்று விட்டுவிடாதீர்கள். பூனைக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்ட அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள்.

கூட்டம் கலைந்த மறுநாள் ஆண் பூனையின் மணல் தட்டை ஒருமுறை பாருங்கள். சத்தமும் புது ஆட்களும் தரும் பதற்றத்தில் சில ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பை வீங்கிச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும். தட்டில் அடிக்கடி ஏறி உட்காரும், முக்கும், கத்தும், ஆனால் மணல் நனைந்திருக்காது. மலச்சிக்கல் என்று நினைத்துப் பால் ஊற்றிக் காத்திருப்பார்கள். ஒரு நாளுக்குள் அடைப்பை எடுக்காவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகலாம். அந்தப் பூனையை அன்று காலையே, வேறெதையும் கொடுத்துப் பார்க்காமல், கூடையில் வைத்துக் கொண்டுவாருங்கள்.