வரைபடத்தில் ஏறும் விற்பனைக் கணக்கு

50,000 வரிகள் உள்ள ஒரு எக்செல் கோப்பு. வரிக்கு ஒரு வாடிக்கையாளர்: முகவரி, வாங்கிய தேதி, தொகை. இதை வரைபடத்தில் ஏற்றி, இழுத்தால் நகரவும் தொட்டால் விவரம் சொல்லவும் வைக்க இப்போது நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. பவர் பிஐ, டேப்லோ, கியூஜிஐஎஸ் என்று கருவிகள் இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு லீஃப்லெட் என்ற வரைபட நிரல்தொகுப்பு இருக்கிறது. கோப்பைக் கொடுத்தால் புள்ளிகள் வந்துவிடும். வந்த புள்ளி சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறதா, அதன் நிறம் சொல்வது உண்மையா என்று பார்க்கத்தான் உள்ளே நடப்பது தெரிய வேண்டும்.

முகவரி என்பது கணினிக்கு வெறும் எழுத்து. அதை அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்களாக மாற்றுவதுதான் ஜியோகோடிங். மென்பொருள் முகவரியைக் கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு என்று பிரித்துத் தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிடும். கதவு எண் கிடைக்காவிட்டால் உத்தேசமாக வைக்கும்: தெருவில் 1 முதல் 99 வரை எண்கள் என்றால், 50 நடுவில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளும். தெருவே கிடைக்காவிட்டால் அஞ்சல் குறியீட்டுப் பகுதியின் மையத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். இப்படி முகவரி சரியாக எழுதாத நூறு பேர் ஒரே புள்ளியில் குவிவார்கள். பார்ப்பவருக்கு அங்கே வியாபாரம் கொடிகட்டிப் பறப்பதுபோலத் தெரியும். போய்ப் பார்த்தால் ஏரியாக இருக்கலாம். பெரும்பாலான ஜியோகோடிங் சேவைகள் இடம் எவ்வளவு துல்லியமாகக் கிடைத்தது என்பதையும் ஒரு விவரமாகச் சேர்த்தே தருகின்றன. பலர் முதலில் நீக்குவது அந்த விவரத்தைத்தான்.

இடம் கிடைக்காத வரிகளில் பூஜ்யம் விழுந்துவிட்டால் அந்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில், நிலநடுக்கோடும் கிரீன்விச் ரேகையும் வெட்டுகிற இடத்தில் போய்ச் சேர்வார்கள். இந்தத் துறையினர் அதைக் கேலியாக ‘நல் ஐலண்ட்’ என்பார்கள். தீவு எதுவும் கிடையாது. எண்களின் வரிசை மாறுவது இன்னொரு வழக்கமான கோளாறு. இடத் தகவலை எழுதி வைப்பதற்காக 2016-இல் தரப்படுத்தப்பட்ட ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவம் தீர்க்கரேகையை முதலில் எழுதச் சொல்கிறது; லீஃப்லெட் அட்சரேகையை முதலில் கேட்கிறது. மாற்றிக் கொடுத்தால் பாரிஸ் நகரம் சோமாலியாவுக்குக் கிழக்கே கடலில் மிதக்கும்.

சரி, எண்கள் ஒழுங்காக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அடியில் தெரியும் உலகப் படம் எங்கிருந்து வருகிறது? அது ஒரே படம் அல்ல. டைல் எனப்படும் சதுரத் துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார்கள். வழக்கமான அளவு 256 பிக்சலுக்கு 256. ஜூம் 0-இல் உலகம் முழுக்க ஒரே டைல். ஒவ்வொரு ஜூமுக்கும் ஒரு டைல் நான்காகப் பிரியும். ஜூம் 18-க்கு வரும்போது சுமார் 6,870 கோடி டைல்கள். ஆனால் ஒரு சாதாரணக் கணினித் திரையை நிரப்ப அவற்றில் 50 போதும். பிரௌசர் அந்த 50-ஐ மட்டும் கேட்டு வாங்கும். நாம் இழுக்க இழுக்க ஓரத்தில் புதியவை வரும். இப்போது பல இடங்களில் படத்துக்குப் பதிலாக, சாலை, எல்லை போன்ற கோடுகள் எந்தெந்தப் புள்ளிகள் வழியாகப் போகின்றன என்ற எண்களையே டைலாக அனுப்புகிறார்கள். நம் கணினியின் கிராபிக்ஸ் சிப் வரைந்துகொள்கிறது. அதனால்தான் நிறத்தை மாற்றினால் சர்வரைத் திரும்பக் கேட்காமலே படம் மாறிவிடுகிறது.

நம் 50,000 புள்ளிகளுக்கும் இதே சிக்கனம் வேண்டும். ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் எல்லாப் புள்ளிகளையும் எடுத்து ‘நீ திரைக்குள் இருக்கிறாயா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தால் படம் திணறும். இதற்கு 1984-இல் கணினி ஆய்வாளர் அன்டோனின் கட்மன் ‘ஆர்-ட்ரீ’ என்ற அமைப்பைக் கொடுத்தார். அருகருகே உள்ளவற்றை ஒரு செவ்வகத்துக்குள் அடைக்க வேண்டும்; அத்தகைய சில செவ்வகங்களைச் சுற்றி ஒரு பெரிய செவ்வகம்; அதற்கு மேல் இன்னொன்று. திரையோடு உரசாத பெரிய செவ்வகத்தை ஒரே வீச்சில் ஒதுக்கிவிடலாம், அதற்குள் பத்தாயிரம் புள்ளிகள் இருந்தாலும் சரி. இந்த அமைப்பு இருந்தால் கிளிக் செய்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதையும் அதிலேயே தேடிவிடலாம். பிறகும் திரையில் மிஞ்சுபவை அதிகம் என்றால் பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்து ‘340’ என்று ஒரே வட்டமாகக் காட்டுவார்கள். ஜூம் செய்தால் அது பிரியும். வட்டம் போடும்போது மதிப்புக்கு ஏற்ப மாற வேண்டியது பரப்பு, ஆரம் அல்ல. விற்பனை நான்கு மடங்கு என்றால் ஆரம் இரண்டு மடங்கு. ஆரத்தையே நான்கு மடங்காக்கினால் பரப்பு 16 மடங்காகிவிடும். 1858-இல் பாரிஸ் சந்தைக்கு எங்கெங்கிருந்து இறைச்சி வருகிறது என்று பிரெஞ்சுப் பொறியாளர் சார்ல் மினார் வரைந்த வரைபடத்திலேயே வட்டங்களின் பரப்புதான் அளவுக்கு ஏற்ப மாறுகிறது.

மாவட்டம், மாநிலம் என்று பகுதிகளுக்கு நிறம் பூசும் முறையும் பழையதுதான். 1826-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் சார்ல் துபான் பிரான்சின் கல்வி நிலையை அப்படிக் காட்டினார். இங்கேதான் நல்ல தரவும் கெட்டுப்போகிறது. மொத்த விற்பனையை அப்படியே நிறமாக்கினால், கிடைப்பது பெரும்பாலும் மக்கள்தொகை வரைபடம். ஆள் அதிகம் உள்ள இடத்தில் எதுவும் அதிகமாகத்தான் விற்கும். ஆயிரம் குடும்பத்துக்கு எத்தனை வாடிக்கையாளர் என்று வகுத்துக் காட்ட வேண்டும். அதிலும் நான்கே குடும்பம் உள்ள பகுதியில் இரண்டு பேர் வாங்கினால் 50 சதவீதம் என்று அடர்சிவப்பாக ஜொலிக்கும். அத்தகைய பகுதிகளைச் சாம்பல் நிறத்தில் விட்டுவிடுவதே மேல்.

அப்புறம் நிறத்தை எங்கே வெட்டுவது? பத்துப் பகுதிகளின் மதிப்பு 2, 3, 3, 4, 5, 6, 7, 9, 12, 90 என்று இருக்கட்டும். ஐந்து நிறங்கள். சம இடைவெளியில் பிரித்தால் ஒன்பது பகுதிகள் வெளிறிய ஒரே நிறத்தில் கிடக்கும், 90 மட்டும் தனியாகக் கறுக்கும், நடுவில் மூன்று நிறங்கள் சும்மா இருக்கும். நிறத்துக்கு இரண்டு பகுதி என்று பிரித்தால் 12-உம் 90-உம் ஒரே நிறம். இரண்டு படமும் பொய் சொல்லவில்லை. ஆனால் முதல் படத்தைப் பார்த்த மேலாளர் ஒரே ஊரைப் பற்றிப் பேசுவார், இரண்டாவதைப் பார்த்தவர் இரண்டு ஊர்களைப் பற்றிப் பேசுவார்.

அடியில் உள்ள உலகப் படத்தின் வடிவமும் கொஞ்சம் ஏமாற்றும். இணைய வரைபடங்களில் பெரும்பாலானவை 1569-இல் வரைபட வல்லுநர் மெர்கேட்டர் கடலோடிகளுக்காக வகுத்த முறையின் வாரிசுகள். 60 பாகை அட்சரேகையில் பரப்பு நான்கு மடங்கு ஊதித் தெரியும். ஒரு நகரத்துக்குள் இது பொருட்டல்ல. உலக அளவில் நாடுகளுக்கு நிறம் பூசினால் வடக்கே உள்ள நாடுகள் தேவைக்கு மேல் சத்தம் போடும்.

ஆண்டு, பொருள் என்று ஃபில்டர் வைக்கும்போது கருவியின் ஒரு செட்டிங்கைக் கட்டாயம் பார்த்துவிட வேண்டும். ஃபில்டரை மாற்றும் ஒவ்வொரு முறையும் பல கருவிகள் நிற அளவுகோலைப் புதிதாகக் கணக்கிடும். போன ஆண்டு 90-க்கு இருந்த அடர்நிறம் இந்த ஆண்டு 12-க்கு வந்து நிற்கும். விற்பனை சரிந்தது யார் கண்ணிலும் படாது. எல்லா ஆண்டுகளுக்கும் பொதுவாக அளவுகோலைப் பூட்டி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, திரையில் தெரியாதது பிரௌசரில் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வட்டத்தில் ‘340’ என்று மட்டும் காட்டினாலும், 340 பேரின் முகவரியும் தொகையும் பார்ப்பவரின் கணினிக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கலாம். பிரௌசரிலேயே உள்ள டெவலப்பர் கருவியைத் திறக்கத் தெரிந்த யாரும் அதைப் படிக்கலாம். வெளியாருக்குக் காட்டும் வரைபடம் என்றால் கூட்டலையும் சுருக்கலையும் சர்வரிலேயே முடித்து, கூட்டிய எண்ணை மட்டும் அனுப்ப வேண்டும்.