ஐஸ் கட்டி எங்கே போனது?

ஒரு தட்டில் ஐஸ் கட்டி ஒன்றை வைத்துவிட்டு விளையாடப் போங்கள். திரும்பி வரும்போது கட்டி இருக்காது, கொஞ்சம் தண்ணீர்தான் கிடக்கும். அதைத் துடைக்காமல் அப்படியே விட்டுவிட்டு ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். தண்ணீரும் இருக்காது! யாரும் குடிக்கவில்லை, கீழே கொட்டவும் இல்லை. எங்கே போனது?

அந்த அறையின் காற்றில்தான் கலந்திருக்கிறது. ஐஸ் கட்டி திடப்பொருள், தண்ணீர் திரவம், காற்றில் கலந்த நீராவி வாயு. மூன்றும் ஒரே பொருள்தான்.

எல்லாப் பொருள்களும் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டித் துகள்களால் ஆனவை. அவை ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அசைந்துகொண்டும் இருக்கும். திடப்பொருளில் பிடி கெட்டி. துகள்கள் நின்ற இடத்திலேயே நடுங்குமே தவிர, இடம் மாறாது. அதனால்தான் கல்லை எந்தப் பெட்டியில் போட்டாலும் அதன் வடிவம் மாறுவதில்லை. சூடு ஏற ஏற நடுக்கம் கூடும். ஒரு கட்டத்தில் பிடி தளர்ந்து, ஒன்றையொன்று உரசியபடி நழுவ ஆரம்பிக்கும். அதுதான் திரவம், டம்ளரில் ஊற்றினால் டம்ளரின் வடிவம், கிண்ணத்தில் ஊற்றினால் கிண்ணத்தின் வடிவம். பிடியை முழுவதும் உதறிவிட்டுத் துகள்கள் பறந்தால் அது வாயு. பலூனுக்குள் ஒரு மூலைகூடக் காலியாக இல்லாதது இதனால்தான்.

ஐஸ் 0 டிகிரி செல்சியஸில் உருகும். இரும்புக்கு 1538 டிகிரி வேண்டும். ஆமாம், இரும்பும் தண்ணீர் போல ஓடும்!

சரி, தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில் அல்லவா? தட்டில் இருந்தது கொதிக்கவே இல்லையே? திரவத்தில் எல்லாத் துகள்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மேற்பரப்பில் இருக்கும் துறுதுறுப்பான சில துகள்கள் கொதிக்கும்வரை காத்திருக்காமல் தப்பித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாமே கிளம்பிவிடும். ஈரத்துணி காய்வதும் இப்படித்தான்.

இன்னொரு வேடிக்கை. பெரியவர்கள் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைக்கும்போது தள்ளி நின்று அதன் மூக்கைக் கவனியுங்கள். மூக்கின் நுனியை ஒட்டி ஒரு சிறு இடைவெளியில் எதுவுமே தெரியாது. அதற்கு அப்பால்தான் வெண்புகை போல எழும். பலரும் அந்த வெள்ளையைத்தான் நீராவி என்கிறார்கள். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. எதுவும் தெரியாத அந்த இடைவெளியில்தான் அது இருக்கிறது. வெளியே வந்ததும் குளிர்ந்து பொடிப்பொடி நீர்த்துளிகளாகிவிடுகிறது. ஆக, நாம் பார்க்கும் 'ஆவி' திரவம்தான்.

அப்புறம், மணல்? வாளியிலிருந்து ஊற்றினால் தண்ணீர் போலவே ஓடுகிறது, வாளியின் வடிவத்துக்கும் வருகிறது. அப்போது அது திரவமா? ஒரே ஒரு மணலை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். குட்டிக் கல்! எதில் போட்டாலும் அதன் வடிவம் மாறாது. இன்னும் சந்தேகமா? மணலைக் குவியலாகக் குவிக்கலாம். தண்ணீரைக் குவித்துப் பாருங்கள், பார்ப்போம்!