காப்பகம் காடுகளை உண்மையில் எவ்வளவு காக்கிறது?

பிரேசிலில் 1961-ல் அறிவிக்கப்பட்ட சிங்கு பழங்குடி நிலத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. சுற்றிலும் சோயா வயல்களும் மாட்டுப் பண்ணைகளும் வெளிறிக் கிடக்கின்றன; நடுவில் கரும்பச்சையாகக் காடு. எல்லை எதுவென்று மரங்களே சொல்லிவிடுகின்றன.

ஆனால் காடு நிற்கிறது என்பதாலேயே அதைக் காப்பகம்தான் காத்தது என்று சொல்லிவிட முடியாது. உலகெங்கும் அரசுகள் காப்பகமாக அறிவிக்கும் இடங்களில் பெரும்பகுதி உயர்ந்த மலை, செங்குத்துச் சரிவு, சாலை எட்டாத தொலைவு. அங்கே உழவும் முடியாது, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுவரவும் வழியில்லை. அறிவிக்காமல் விட்டிருந்தாலும் அந்தக் காட்டில் பாதிக்கு மேல் தப்பித்திருக்கலாம். அதை வெளியே இருக்கும் சமவெளியோடு ஒப்பிட்டால், மலை காப்பாற்றியதையும் சட்டத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

சரி, எப்படித்தான் அளப்பது? ஜோடி சேர்க்கிறார்கள். காப்பகத்துக்குள் ஒரு துண்டு நிலம். வெளியே அதே சரிவு, அதே மண்வளம், சாலையிலிருந்து அதே தூரம் கொண்ட இன்னொரு துண்டு. இரண்டும் காலப்போக்கில் என்ன ஆயின என்று பார்க்கிறார்கள். கோஸ்டாரிகாவில் இப்படிச் செய்து 2008-ல் வந்த ஆய்வு, காக்கப்பட்ட காட்டில் சுமார் 10 சதவீதம்தான் பாதுகாப்பு இல்லாவிட்டால் அழிந்திருக்கும் என்றது. வழக்கமான ஒப்பீடு இதைவிட மிகப் பெரிய பலனைக் காட்டியிருக்கும். அதற்காக இந்த 10 சதவீதத்தைச் சிறிதென்று தள்ளிவிடக் கூடாது. நிச்சயம் வெட்டப்பட்டிருக்கும் காடு அது.

இதே கணக்கு பழங்குடி நிலங்களில் தலைகீழாகிறது. அவை பெரும்பாலும் காட்டை அழிக்கும் நெருக்கடி மிகுந்த இடங்களில் இருப்பவை. லத்தீன் அமெரிக்காவில் காட்டுத்தீயைக் காடழிப்பின் அடையாளமாக வைத்து 2011-ல் செய்த ஆய்வில், ஜோடி சேர்த்துப் பார்த்தபோது அவற்றின் பலன் மேலோட்டமான கணக்கைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்தது. காட்டில் வாழ்பவர்களை வெளியேற்றினால்தான் காடு பிழைக்கும் என்று இன்னும் பேசுபவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

காகிதத்தில் மட்டும் இருக்கும் காப்பகங்களும் உண்டு. போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானில் பாதுகாக்கப்பட்ட தாழ்நிலக் காடு 1985-க்கும் 2001-க்கும் இடையே 56 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

அப்புறம், படத்தில் தெரியாத இழப்பு ஒன்று இருக்கிறது. அமேசானில் சிலந்திக் குரங்குகள் பெரிய விதையுள்ள பழங்களை விழுங்கி, தொலைவில் போய் எச்சத்தோடு விதையைப் போடும். வேட்டையில் அவை ஒழிந்துவிட்டால் பழங்கள் தாய்மரத்தடியிலேயே விழுந்து அழுகும். முளைப்பவையும் நிழலிலும் பூச்சியிலும் பெரும்பாலும் மடியும். மேலிருந்து பார்த்தால் அந்தக் காடு இன்னும் பல பத்தாண்டுகளுக்குப் பச்சையாகவே தெரியும்.